கெட்ட செய்தி வரும் வழி

அந்தக் கட்டடத்தில் அவரைக் கையுறைக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஒன்றில் படுக்கை. இன்னொன்றில் நீள மேசை, கணினி, சுவரோடு அடுக்கிய அட்டைப் பெட்டிகள். பெட்டிகளுக்குள் இருப்பவை வெல்டிங் வேலை செய்கிறவர்கள் போடும் தடித்த தோல் கையுறைகள், முழங்கை வரை ஏறுபவை. கதவைத் திறந்ததும் தோல் வாடை வரும். தபால்காரர் அந்த வாடைக்கு ஓரடி தள்ளி நின்றுதான் கையெழுத்து வாங்குவார்.

இந்தக் கையுறை மூன்று நாடுகளைக் கடந்து வருகிறது. தோலை வெட்டுவது ஒரு நாட்டில், தைப்பது இன்னொன்றில், விற்பது மூன்றாவதில். அவர் அந்த மூன்றிலும் இல்லாமல், மூன்றுக்கும் விமானம் கிடைக்கிற நான்காவது ஒன்றில் குடியிருந்தார். அவர் மனைவி அந்த நாடுகளின் பெயரைச் சொன்னதே இல்லை. வெட்டுற ஊரு, தைக்கிற ஊரு, விக்கிற ஊரு. அவ்வளவுதான். "இன்னிக்கு எந்த ஊரோட மல்லுக்கட்டு?" என்று கேட்டுக்கொண்டே தட்டை வைப்பாள். அவரும் நாளடைவில் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்.

மூன்று ஊருக்கும் மூன்று சுபாவம். வெட்டுகிற ஊரில் எல்லாம் நேருக்கு நேர். அங்கே வெட்டுமேசைகளுக்குத் தலைவனாக இருந்தவனுக்குக் கணவனும் மனைவியும் வைத்த பெயர் கத்திரி. வாயைத் திறந்தால் வெட்டுவான். பேச்சு சண்டையில் தொடங்கி, சிரிப்பில் முடியும். ஒரு நாள் சண்டை போடாமல் பேசினால், "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பான். விற்கிற ஊரில் விற்பனையைப் பார்த்துக்கொண்டவர் கடுதாசி. நேற்று நாம் போனில் பேசியது இன்னது என்று மறுநாள் அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதம் கிடைத்தது என்று பதில் எழுதாவிட்டால், பேசியது பேசாததற்குச் சமம்.

தைக்கிற ஊர் மெதுவானது, மரியாதையானது. அங்கே முப்பத்தாறு மிஷின், முப்பத்தாறு பெண்கள், எல்லோருக்கும் மேலே மேஸ்திரியம்மா. பேச்சுத் தொடங்கினால் உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, வீட்டில் எல்லோரும் எப்படி என்று மூன்று படி ஏறித்தான் கையுறைக்கு வரலாம். வந்தபின் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

பத்தொன்பது வருடமாக இவற்றையெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். வெட்டுகிற ஊரில் தோலைத் தொட்டுப் பார்க்காமல் பாராட்டினால் அவமதிப்பு. விற்கிற ஊரில் சொன்ன நேரத்துக்கு முன்னால் போவதும் தாமதமாகப் போவதும் ஒரே குற்றம். தைக்கிற ஊரில் ஒரு கேள்விக்குப் பின் மூன்று மூச்சு நேரம் மௌனம் வந்தால், பதில் 'இல்லை' என்று அர்த்தம். இப்படி நானூறுக்கு மேல் குறிப்புகள். வியாபாரிகள் சங்கத்தில் இரண்டு முறை அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் ஒரே விஷயத்தைச் சொன்னார்: முதலாளிக்கு மூக்கு வேண்டும். தைக்கிற ஊரில் எது கெட்டுப்போனாலும் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்கு எப்படியோ தெரிந்துவிடும், அங்கே போய் நின்று கண்டுபிடித்துவிடுவேன்.

அவரைப் புத்திசாலி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கவனமானவர் என்று சொல்லலாம். கவனமானவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தாம் கவனிக்காதது எதுவும் இல்லை என்ற எண்ணம் அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

அந்த மூக்கு வேலை செய்தது இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் மனைவி மேஸ்திரியம்மாவுக்கு போன் செய்வாள். எப்போது தொடங்கியது என்று இருவருக்குமே நினைவில்லை. மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மூட்டு வலி, மருமகள், மழை, புதிதாக வாங்கிய அலமாரி என்று பேச்சு ஒரு மணி நேரம் போகும். பிறகு சாப்பாட்டு மேசையில், குழம்பை ஊற்றிக்கொண்டே, "ரெண்டாவது வரிசையில வெளிச்சம் பத்தலையோ என்னமோ" என்பாள். அல்லது, "ஊசி ரொம்ப உடையுதுன்னா மிஷினுக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தமாங்க?" அவர் "உம்" என்பார். நாலு நாள் கழித்து, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தோன்றும்: இரண்டாவது வரிசை விளக்கைப் பார்க்க வேண்டும். அது தன் யோசனை என்றுதான் பத்தொன்பது வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை போகும்போது வரிசை நடுவில் நின்று, "வெளிச்சம் கம்மியா இருக்கே" என்பார். மேஸ்திரியம்மா வியந்து, "அப்படீங்களா ஐயா? உடனே பாத்துடலாம்" என்பாள்.

தெரிந்துகொள்வது வேறு, தெரிவிக்கப்படுவது வேறு. முதலாவதில் பெருமை இருக்கிறது. ஆகவே இரண்டாவதை முதலாவது என்று நம்பிக்கொள்வது சுலபம்.

ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு படிவம் கொண்டுவந்தார். நிர்வாகம் பற்றிய ஏதோ பயிற்சிக்குப் போய் வந்த கையோடு செய்தது. மூன்று ஊரும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரே படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். எத்தனை ஜோடி, எத்தனை கழிவு, எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், கடைசியில் குறைகள் என்று ஒரு கட்டம். கத்திரியின் குறைகள் கட்டத்துக்குள் அடங்காமல் பின்பக்கம் போயின. கடுதாசி கட்டத்தின் அமைப்பிலேயே குறை கண்டு தனிக் கடிதம் எழுதினார். தைக்கிற ஊரிலிருந்து வந்த படிவத்தில், அழகான கையெழுத்தில், 'இல்லை' என்று இருந்தது.

அந்த வாரம்தான் அவர் மனைவியிடம் சொன்னார்.

"இனிமே நீ ஞாயித்துக்கிழமை பேச வேண்டியதில்ல. எல்லாம் படிவத்துல வந்துடும். ரெண்டு பக்கமும் பேச்சு போனா அவங்களுக்குத்தான் குழப்பம்."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். "நாங்க மூட்டு வலிதானே பேசுறோம்?"

"அதுக்கில்ல. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஆபீஸ் விஷயம் ஆபீஸோட இருக்கட்டும்."

"சரிங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து மகளுக்குப் பிரசவம். மகள் இருந்தது இன்னும் ஒரு தூர தேசம். மூன்று மாதம் என்று மனைவி அங்கே போனாள். குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும், பல் முளைக்கட்டும், மகள் வேலைக்குத் திரும்பட்டும் என்று மூன்று மாதம் பதினான்கு மாதமாக நீண்டது. இது விருந்தா, பிரிவா என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணினித் திரையில் பேத்தியைக் காட்டுவார்கள். அவர் கையுறை ஒன்றை மாட்டி விரலை ஆட்டிக் காட்டுவார். பேத்தி அழுவாள். மனைவி, "அதை முதல்ல கழட்டுங்க" என்பாள். பிறகு, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மருந்து, போட்டாச்சு. படிவம் போலவே இருந்தது அந்தப் பேச்சும்.

வீட்டில் அவர் இரண்டு தட்டு, ஒரு கரண்டி என்று சுருங்கிவிட்டார். வெட்டுகிற ஊர் காலையில் எழுந்துவிடும் என்பதால் அதற்கு முன் குளியல். விற்கிற ஊர் மத்தியானம்தான் கண் திறக்கும் என்பதால் பதினொரு மணிக்கே சாப்பாடு. நாளெல்லாம் யாருடனாவது பேசிக்கொண்டிருந்தார். மூன்று நாட்டாரிடமும் அவரவர் முறையில் வணக்கம் சொல்லி, அவரவர் முறையில் விடைபெற்றார். கணினியை மூடிய பிறகு, பேசுவதற்குத் தனக்கென்று ஒரு முறை இருந்ததா என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

இந்த நிலையில்தான் கடுதாசியிடமிருந்து கடிதம் வந்தது. கப்பல் கட்டும் தளம் ஒன்றுக்குப் போன பன்னிரண்டாயிரம் ஜோடியில், முதல் தவணையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். முந்நூறு ஜோடிக்கு மேல் கட்டைவிரல் தையல் விட்டுப்போயிருக்கிறது. உருகிய இரும்புக்குப் பக்கத்தில் இருக்கும் கையில் கட்டைவிரல் தையல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தாம் விளக்கத் தேவையில்லை என்று கடுதாசி விளக்கமாக எழுதியிருந்தார். இரண்டு மாதத்துக்குள் சரியான சரக்கு வராவிட்டால், தளம் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அந்தத் தளம் போனால் தைக்கிற ஊரை நடத்த வேறு வேலை இல்லை. தைக்கிற ஊர் போனால் தொழிலே இல்லை. இதைக் கடுதாசி எழுதவில்லை. அவருக்கே தெரியும்.

அவர் வெள்ளிக்கிழமைப் படிவங்களை எடுத்துப் பார்த்தார். அறுபதுக்கு மேல் இருந்தன. குறைகள்: இல்லை. குறைகள்: இல்லை. மேஸ்திரியம்மாவைத் திரையில் கூப்பிட்டார். அவளுக்குப் பின்னால் முதல் வரிசை முழுக்கப் பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நல்லபடியா போகுதுங்க ஐயா என்றாள். பிறகு கத்திரியைக் கூப்பிட்டார்.

"தோல் சரியாத்தானே வெட்டினீங்க?"

"அண்ணே, என் தோல்ல குறை சொல்றதுன்னா நேர்ல வந்து சொல்லுங்க. வாசல்ல நின்னு சண்டை போட்டுக்கலாம்."

"தையல் விட்டுப்போகுது."

"போகாம? பதினோரு பேரு வேலைய விட்டுப் போயிட்டாங்களாமே. மிச்சம் இருக்கிறவங்க அவங்க வேலையையும் சேத்துச் செய்யுறாங்க."

"யார் சொன்னா?"

"வெட்டின துண்டுகளை ஏத்திட்டுப் போற லாரிக்காரன். ஏண்ணே, உங்களுக்குத் தெரியாதா? என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் கையுறைக்கும் என்ன சம்பந்தம்?"

வழக்கமாக இந்த இடத்தில் இருவரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்காததால் கத்திரி, "உடம்ப பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டான்.

இரண்டு நாளில் தைக்கிற ஊருக்குப் போய் இறங்கினார். சொல்லாமல் போவது அங்கே மரியாதை இல்லை என்பதால், சொல்லிவிட்டுத்தான் போனார். பட்டறை தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு மிஷின். முதல் வரிசையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாவதில் பன்னிரண்டு. மூன்றாவதில் ஒருத்தி மட்டும் கடைசி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பதினொன்றும் வெள்ளைத் துணி போர்த்தி, ஓரம் மடித்துச் செருகி, சுத்தமாக இருந்தன. திரையில் பேசுவதற்கான காமிரா முதல் வரிசையைத்தான் பார்த்தபடி இருந்தது. அதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக அவருக்குப் படவில்லை. விருந்தாளி வரும்போது உலர்த்தின துணியை உள்ளே எடுத்துப் போடுவது போலத்தான்.

மேஸ்திரியம்மா தன் சின்ன அறையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தேநீர் வந்தது. பிரயாணம் எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டாள். அவர் முறை தவறாமல் பதில் சொன்னார்.

"வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா ஐயா?"

"நல்லா இருக்கா. பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டா. அடுத்த மாசம் வந்துடுவா."

மேஸ்திரியம்மா கோப்பையைத் தட்டின் மேல் நேராக வைத்தாள். பிறகு, நேராக இருந்த அதை இன்னொரு முறை நேராக வைத்தாள். வெளியே மிஷின்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சும் போயிற்று. நோட்டில் தம் கையாலேயே எழுதியிருந்த குறிப்பு, இப்படி ஒரு விஷயத்துக்குப் பயன்படும் என்று எதிர்பார்க்கவில்லை.

"வரமாட்டாளா?" என்றார்.

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

"உங்ககிட்ட சொன்னாளா?"

"நாங்க ரெண்டு பேரும் எல்லாத்தையும் பேசிக்குவோம் ஐயா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

"இப்பவுமா?"

அவள் ஆச்சரியத்தோடு பார்த்தாள். "அம்மா போன் பண்ணாத ஞாயித்துக்கிழமை ஏதுங்க?"

தேநீரைக் குடித்தார். ஆறிவிட்டிருந்தது.

"மூணாவது வரிசை..." என்று தொடங்கினார்.

"ஆமாங்க" என்றாள். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் கஷ்டப்பட்டு, ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னாள். "அம்மாகிட்ட சொன்னோங்க. ஏழு மாசமாச்சு. ஐயா ஒண்ணும் செய்யலை. செய்ய மனசில்லைன்னு எடுத்துக்கிட்டோம். போனவங்க கோவத்துல போகலை. ரோஷத்துல போனாங்க. இந்த மாசக் கடைசியில இன்னும் பத்துப் பேர் போறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அம்மாவுக்கு போன் போடுங்க ஐயா. அவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

பட்டறைக்குப் பின்னால் தோல் கழிவு கொட்டும் முற்றம். அங்கே ஒரு கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அவர் மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் காலை. குழந்தையின் சத்தம் கேட்டது. அவள் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தும் சத்தமும் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"தைக்கிற ஊர்ல."

"அப்ப தெரிஞ்சிடுச்சா."

"எது?"

"எதுவோ" என்றாள்.

அவர் முதலில் கேட்டது பட்டறையைப் பற்றித்தான். இதற்காக அவரைக் குறை சொல்லலாம். ஆனால் இரண்டு கேள்வி இருக்கும்போது, பதிலைத் தாங்க முடிகிற கேள்வியைத்தான் மனிதன் முதலில் கேட்பான்.

"மூணாவது வரிசை ஏன் போச்சு?"

"நூலு. நீங்க புது நூல் மாத்துனீங்களே, விக்கிற ஊர்ப் பக்கம் வாங்கினது. சூடு தாங்கும்னு சான்றிதழெல்லாம் இருந்துச்சே, அது. பிசிறு தட்டுது. ஊசிக் காதுல மாட்டி, பத்துத் தையலுக்கு ஒரு தடவை அறுந்து போகுது. ஒவ்வொரு தடவையும் முடிச்சுப் போடணும். அவங்களுக்கு ஜோடிக் கணக்குலதானே கூலி? முப்பது ஜோடி தைச்சவ பதினெட்டுதான் தைக்க முடியுது. முடிச்சு விழுந்த இடம்தான் விட்டுப்போகும், அதுவும் கட்டைவிரல் வளைவுல. பக்கத்துல கூடாரம் தைக்கிற கம்பெனி வந்திருக்கு. அங்க போயிட்டாங்க."

"உனக்கு இதெல்லாம் எப்பத் தெரியும்?"

"நூல் வந்த மொத மாசமே."

"ஏன் சொல்லல?"

"நீங்கதானே ஆபீஸ் விஷயம் ஆபீஸோட இருக்கட்டும்னீங்க."

"அது..." என்றார்.

"நூல் மாத்தினது நீங்க. அது தப்புன்னு உங்க மூஞ்சிக்கு நேரா அவ சொல்லுவாளா? உங்களைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். அங்க வழக்கம் என்ன தெரியுமா? வீட்ல இருக்கிற பொம்பளைகிட்ட சொல்லுவாங்க. அவ சாப்பாடு போடும்போது சொல்லுவா. முதலாளி தானா கண்டுபிடிச்ச மாதிரி வந்து சரிபண்ணிடுவாரு. யார் மேலயும் குத்தம் இல்ல. இது உங்க நோட்டுல இல்லையா?"

இல்லை. நானூறு குறிப்பில் அது இல்லை.

"நீ இத்தனை வருஷமும்... வீட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு நினைச்சேன்" என்றார்.

"வீட்டையும் பாத்துக்கிட்டேன். முப்பத்தாறு மிஷினையும் பாத்துக்கிட்டேன்."

முற்றத்தில் ஒரு பூனை தோல் துண்டு ஒன்றை இழுத்துக்கொண்டு போயிற்று. அது போய் மறையும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வரமாட்டேன்னு..."

"அவ சொல்லிட்டாளா?"

"சொல்லல. சொல்லாம உக்காந்திருந்தா."

"நல்லவ" என்றாள் மனைவி. குரலில் முதல் தடவையாக ஏதோ கசிந்தது. "உங்ககிட்ட நேரா சொல்லணும்னு ஆறு மாசமா நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை நீங்க கையுறையை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எப்படிச் சொல்றது?"

"என் மேல கோவமா?"

"கோவம் இருந்தா வந்திருப்பேங்க, சண்டை போடவாவது. அதெல்லாம் இல்ல. இங்க எனக்குக் காலையில எழுந்தா நாலு பேரு நாலு விஷயம் கேக்குறாங்க. சொன்னா, நான் சொன்னேன்னு ஞாபகம் வச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பது பெரிய குற்றச்சாட்டு. ஆனால் அவள் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

பிறகு அவர் கேட்டார். "இந்த வேலைய... நீ மறுபடி பாப்பியா? அங்க இருந்தே? இல்லன்னா இது நிக்காது."

"பாக்குறேன். ஆனா வேலைன்னு சொல்லிக் குடுங்க. எழுத்துல குடுங்க. வாரத்துல ஒரு நாள், ஒரு நேரம். குழம்பு ஊத்திக்கிட்டே சொல்ல மாட்டேன்."

"சரி."

"இப்ப உள்ள போங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நீங்களா பாத்த மாதிரி இருக்கணும். அப்பத்தான் அவங்களுக்கு மரியாதை."

அவர் உள்ளே போனார். இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் நடுவில் நின்று, மேசையில் இருந்த ஒரு கையுறையை எடுத்தார். கட்டைவிரல் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். முடிச்சு விழுந்த இடத்தில் அது விட்டுப்போயிற்று. பிசிறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இதே இடத்தில் பத்தொன்பது வருடம் இதே மாதிரி நின்றிருக்கிறார். அப்போதெல்லாம் நடிக்கிறோம் என்று தெரியாது. இன்றைக்குத் தெரிந்தது.

"நூல் சரியில்லையே" என்றார்.

இருபத்தைந்து மிஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"அப்படீங்களா ஐயா?" என்றாள் மேஸ்திரியம்மா.

"பிசிறு தட்டுது. இதை வச்சு யாரால வேகமாத் தைக்க முடியும்? பழைய நூலே வரட்டும். வர்ற வரைக்கும் அறுந்த நூலுக்கு யாரும் கூலி இழக்க வேண்டாம், பழைய கணக்குலயே போடுங்க. போனவங்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்க."

"ஐயா பாத்தவுடனே கண்டுபிடிச்சிட்டீங்க."

மேஸ்திரியம்மாவின் குரலில் கேலி இல்லை. அவள் அவரை ஒரு கெட்ட இடத்திலிருந்து கைபிடித்துத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அப்படித்தான் தூக்கிவிட்டிருக்கிறாள். முதல் வரிசையில் ஒரு பெண் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். பிறகு மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

பழைய நூல் ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. மாசக் கடைசியில் போவதாக இருந்த பத்துப் பேரும் இருந்துவிட்டார்கள். போன பதினொரு பேரில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். மற்ற நால்வருக்குக் கூடாரம் தைப்பது பிடித்துவிட்டது. கப்பல் தளம் இரண்டு வாரம் கூடுதல் அவகாசம் கொடுத்ததாகக் கடுதாசி எழுதினார். அந்தக் கடிதம் கிடைத்தது என்று இவரும் எழுதினார்.

மனைவிக்கு நியமனக் கடிதம் தயாரிக்க அவருக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. பதவி என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. கடைசியில் 'தையல் பிரிவுத் தொடர்பு' என்று போட்டார். கீழே கையெழுத்துப் போடும்போது, முப்பத்தொரு வருடத்தில் அவளுக்கு எழுதும் முதல் கடிதம் இது என்று கணக்கு வந்தது. அன்புள்ள என்று தொடங்கலாமா என்று யோசித்து, அலுவலகக் கடிதங்களில் வழக்கமாகப் போடுவதையே போட்டார். அவள் கையெழுத்திட்டு, அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

முதல் செவ்வாய்க்கிழமை, சொன்ன நேரத்துக்குத் திரையில் வந்தாள். தலை வாரி, கண்ணாடி போட்டு, முன்னால் ஒரு தாள் வைத்திருந்தாள். பேத்தி இல்லை. அவரும் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லு." பிறகு, "சொல்லுங்க" என்று திருத்திக்கொண்டார்.

அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒண்ணு. மூணாவது வரிசைக்கு மேல கூரை ஒழுகுது. ரெண்டு வாளி வச்சிருக்காங்க. ரெண்டு. திரும்பி வந்த ஏழு பேருல ஒருத்தி மாசமா இருக்கா, மிதி மிஷின் வேண்டாம், வேற வேலை குடுக்கணும். மூணு. லாரிக்காரன் துண்டுகளை இடது வலது கலந்து இறக்கிட்டுப் போறான், பிரிக்கவே ஒரு வேளை ஆகுது. கத்திரிகிட்ட சொல்லுங்க. சண்டையாவே சொல்லுங்க, அப்பத்தான் காதுல ஏறும். நாலு. கழிவறைக் கதவுல தாழ்ப்பாள் இல்ல. அது ஒண்ணரை வருசமா இல்ல. நான் ஒரு தடவை சொன்னேன், நீங்க அப்ப பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவர் எழுதிக்கொண்டே வந்தார். தாழ்ப்பாள் என்று எழுதி, அடிக்கோடு போட்டார்.

"அஞ்சு. படிவத்தை நிறுத்தச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை வந்தா மேஸ்திரியம்மாவுக்குப் பேனாவே ஓடலையாம், பொய் எழுதணுமேன்னு."

"நிறுத்திடலாம்."

"ஆறு." இங்கே அவள் தாளிலிருந்து நிமிரவில்லை. "முதலாளி ரொம்ப இளைச்சுப் போயிட்டாரு. சட்டை தோள்ல நிக்கல. பதினோரு மணிக்கே சாப்பிட்டா உடம்புல எப்படி ஒட்டும்னு கேக்குறாங்க. அவருகிட்ட நேரா சொல்ல முடியாது, நீங்க சொல்லிடுங்கன்னாங்க."

அவர் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். திரையில் அவள் முகம் கொஞ்சம் உறைந்து, மறுபடி அசைந்தது. இணைப்புக் கோளாறா, வேறு ஏதாவதா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"இது யார் சொன்னது?" என்றார்.

"மேஸ்திரியம்மா."

"அவங்க மட்டுமா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவர் மூச்சை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் அந்த ஊர்க்காரி இல்லை. அவளுடைய மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

"ஏழு?" என்று கேட்டார்.

"ஏழு இல்ல. இந்த வாரம் இவ்வளவுதான்."

ஆறாவதையும் எழுதிக்கொண்டார். மற்ற ஐந்துக்கும் எதிரே, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று குறித்தார். ஆறுக்கு எதிரே தம் பெயரை எழுதினார். தேதியை அவளிடம் கேட்டார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள்ள" என்றாள்.